வெள்ளைக் கூரையின் கீழ் ஒரு மதியம்

தகரக் கொட்டிலில் வாழ்ந்தவர்களுக்கு வெக்கையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகாமிலும், மீளக் குடியமர்ந்த பின் தற்காலிக வீட்டிலும், மதிய நேரங்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மர நிழல் தேடிய அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. அதனால்தான் 2023 மே மாதத்தில் பயிற்சி ஒன்றுக்காக இந்தியாவின் அகமதாபாத் நகருக்குச் சென்றபோது, என் கண்கள் கட்டடங்களை விடக் கூரைகளையே தேடின.

அகமதாபாத் குஜராத் மாநிலத்தில், சபர்மதி ஆற்றங்கரையில் உள்ள நகரம். அங்குள்ள வெயில் எமது வெயிலைப் போன்றதல்ல. எமக்கு வியர்த்துக் கொட்டும். அங்கே வியர்வை தெரியுமுன்னே காய்ந்து உதடு வெடிக்கும். 2016 மே மாதத்தில் வெப்பநிலை 48 பாகை செல்சியசைத் தொட்டது. 2010 மே மாத வெப்ப அலையில், வழமையை விட ஏறத்தாழ 1,300 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டனர். அதன் பின்னர் 2013இல் மாநகராட்சி வெப்பச் செயற்றிட்டம் ஒன்றை வகுத்தது. 2017இல் ஏழைக் குடியிருப்புகளில் சுமார் 3,000 கூரைகளுக்கு வெள்ளை பூசப்பட்டது.

இவ்வேலையில் பெண்களின் பங்கு பெரிது. எலா பட் 1972இல் தொடங்கிய 'சேவா' சங்கத்தின் வழிவந்த மகிளா ஹவுசிங் ட்ரஸ்ட், 1994 முதல் ஏழைப் பெண்களின் வீட்டு வசதிக்காக உழைத்து வருகிறது. குடியிருப்புப் பெண்களே குழுவாகச் சேர்ந்து, வீடு வீடாகச் சென்று இதை விளக்குகிறார்கள்.

அப்படியொரு குடியிருப்பில், ஊதுபத்தி உருட்டும் ஒரு அம்மாவின் வீட்டில் ஒரு மதியம் இருந்தேன். அங்கே பெண்களைப் 'பேன்' என்று அழைக்க வேண்டுமாம்; சகோதரி என்று பொருள். தலையில் ஊரும் பேன் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

அவரது மாமியார் 2010 மே மாதத்தில் அந்த அறையிலேயே இறந்துபோனாராம். "வயசுக்காரி, போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கூரைதான் கொன்றது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது" என்றார். முன்னர் பகல் 12 மணி தொடக்கம் 4 மணி வரை வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாராம். உருட்டிய கட்டுக்குத்தான் கூலி என்பதால், அந்த நேரத்துக்கு வருமானமில்லை. வெள்ளை பூசிய பின் மதியத்திலும் வீட்டினுள் இருந்து வேலை செய்ய முடிகிறது.

காரணம் எளிது. துருப்பிடித்த தகரம் வெயிலை உறிஞ்சிக் கீழே அனலாக வீசுகிறது. வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வீட்டினுள் 2 முதல் 5 பாகை வரை குறையலாம். கூரையில் செடி வளர்ப்பதும் குளிர்ச்சி தரும். ஆயினும் குடிக்கும் நீருக்கே வரிசையில் நிற்பவர்கள் கூரைக்கு எங்கே நீர் ஊற்றுவது?

செய்முறையையும் கேட்டு எழுதிக்கொண்டேன். தகரமானால் துருவைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ற்றை இரு தடவை பூச வேண்டும். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் அது சீமெந்துத் தட்டுக்கே பொருந்தும், மழையில் கரையும் என்பதால் வருடந்தோறும் பூச வேண்டும். தூசி படிந்தால் பலன் குறையும்; கழுவ வேண்டும். அஸ்பெஸ்டோஸ் சீற்றை மட்டும் சுரண்டக் கூடாது. அதன் தூள் சுவாசப்பைக்குக் கேடு. ஏறி நின்றால் உடைந்தும் விடும்.

பக்கத்து வீட்டுக் கூரை மட்டும் கறுத்துக் கிடந்தது. அங்கே இருப்பவர் வாடகைக்காரி. வெள்ளை அடித்தால் வாடகை கூடும் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டாராம்.

விடைபெறும்போது அந்த அம்மா கேட்டார்: "உங்கள் ஊரில் கூரை யாருடைய பெயரில் இருக்கிறது?"

காணாமற்போன கணவரின் பெயரிலேயே இன்னமும் காணி உறுதி வைத்திருக்கும் சகோதரிகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அவரிடம் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இரண்டையும் பேசுவோம். மாரி முடிந்ததும் ஒரு வீட்டுக் கூரைக்காவது வெள்ளை பூசிப் பார்ப்போம். அந்தக் கூரை யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் அன்றே கேட்போம்.