தொழில் யாது?

மூக்கடைப்பு யாவர்க்கும் வருவதொன்று, வந்தவாறே நீங்குவதுமாம். ஆதலின் அதனைப் பெரிதாக எண்ணுவார் அரியர். ஆயினும் ஒரு புறத்து நாசி மட்டும் வாரக்கணக்கில் அடைபட்டு, அப்புறத்திலேயே குருதியும் கசியுமாயின், அதனைச் சளியென்று தள்ளுதல் தகாது. நாசிக்குழியிலும் அதனைச் சூழ்ந்த எலும்பறைகளிலும் தோன்றும் புற்று, ஓராண்டில் இலட்சம் பேருள் ஏறத்தாழ ஒருவர்க்கே வருவது. அவ்வருமையே பெருங்கேடாயிற்று, எதிர்பாராதது கண்ணிற் படுவதில்லை.

என் தாய்மாமனார் முப்பதாண்டு தேக்கும் வேங்கையும் இழைத்த தச்சர். முதுமையில் இழைப்புளியைக் கீழே வைத்து, ஓசூரில் ஆலையொன்றின் வாயிற்காவலரானார். வலப்புற நாசி அடைத்துக் குருதி கசிந்த பின்னும், ஓராண்டளவு சொட்டு மருந்தே பெற்று வந்தார். தொழிலைக் கேட்டோர்க்கெல்லாம், "காவல் வேலை" என்றார். அது மெய்யே; ஆனால் முழு மெய்யன்று. அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூரு சென்றபோதுதான் வைத்தியர் ஒருவர், "இதற்கு முன் என்ன தொழில் செய்தீர்கள், ஐயா?" என்று வினவினார்.

நோயாளியின் தொழிலைக் கேட்டறிதல் வேண்டுமென்று இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதினார். இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் நகரில், எஸ்மே ஹாட்ஃபீல்டு என்னும் வைத்திய அம்மையார், நாசிப்புற்றுடையோருட் பலர் மரவேலை செய்வோராயிருத்தலைக் கண்டார். அவரும் உடனாய்ந்தோரும் 1968-இல் அதனை வெளியிட்டனர். 1995-இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மரத்தூளைப் புற்று விளைக்கும் பொருளென வகுத்தது. தூள் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிவதுண்டு. ஆகலின் இன்றைய தொழிலை மட்டும் கேட்டறிதல் போதாது.

ஐயம் பிறந்தபின் செய்முறை தெளிவானது. எண்டோஸ்கோப்பினால் நாசியினுள் நோக்குவர். சி.டி. படம் எலும்பின் அரிப்பைக் காட்டும், எம்.ஆர்.ஐ. படம் கட்டியையும் தேங்கிய சளியையும் பிரித்துணர்த்தி, கண்ணிலும் மூளையிலும் அது பரவியுளதா என்பதையும் தெரிவிக்கும். அதன்பின்னரே சிறு துணுக்கெடுத்து மைக்ராஸ்கோப்பில் ஆராய்வர். இவ்வரிசை மாறலாகாது. இளைஞர்க்கு வரும் குருதிநாளக் கட்டியைப் படமெடாது வெட்டின் குருதி பெருக்கெடுக்கும். நம் தென்னாட்டில் மிகுதியாகக் காணும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோயிலும் சிவந்த சதை வளர்ந்து குருதி கசியும், அது புற்றன்று. துணுக்காய்வே ஐயமறத் தெளிவிப்பது.

மாமனார்க்குச் சுரப்பிப் புற்றெனத் தெரிந்தது. அறுவையும் கதிர்ச்சிகிச்சையும் பெற்று உயிர் பிழைத்தார், வலக்கண்ணை இழந்தார். முன்னரே வந்திருப்பின் கண்ணும் எஞ்சியிருக்கக்கூடுமென்றனர்.

மாணவ நண்பர்காள்! ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் உழைப்போருட் பலர் வேறொரு தொழிலை விட்டு வந்தவர். உங்களுள் வைத்தியராவோர், நோயாளியின் ஏட்டில் தொழிலென்னும் இடத்தை ஒரு சொல்லால் நிரப்பிவிடாதீர்கள். பழந்தொழிலுக்கும் அங்கே ஒரு வரி இருக்கட்டும்.