இசை நிகழ்ச்சிக்கு எத்தனை புள்ளி?



எமது பிரதேச வானொலியின் வருடாந்த இசை நிகழ்ச்சி முடிந்து நான்கு நாட்களாகின்றன. மைதானம் நிறைந்த படங்கள் முகநூலில் இன்னும் சுற்றுகின்றன. "மாபெரும் வெற்றி" என்று எழுதியவர்களோடு நாம் சண்டைக்கு வரவில்லை. சனம் வந்தது உண்மை. நாமும் சக ஆசிரியர்கள் ஐந்தாறு பேராகப் போய், கச்சான் கொறித்துக்கொண்டு கடைசி வரை இருந்தோம்.

ஆனால் விடைத்தாள் திருத்துபவர்கள் புள்ளித்திட்டம் இல்லாமல் புள்ளி போடமாட்டோம். கொழும்பிலிருந்து இசைக்குழு வந்து, அனுமதியும் இலவசம் என்றால் யார் நடத்தினாலும் மைதானம் நிறையும். அதற்கு ஒரு வானொலி தேவையில்லை.

முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். ஒலியமைப்பு துப்புரவாக இருந்தது. இஷாத் தொழுகைக்கு இடைவேளை விட்டார்கள். இரவு 10 மணிக்கு முன்பே முடித்தார்கள். அந்த நேரத்துக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்து உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டும், அதை மதித்து நடந்த நிகழ்ச்சிகளை நம்மூரில் விரல்விட்டு எண்ணலாம்.

பொல்லடிக்கு ஏழெட்டு நிமிடம், பொன்னாடைகளுக்கு முக்கால் மணித்தியாலம். அண்ணாவியார் வியர்வையைத் துடைக்க முன்பே அடுத்த அதிதியை அழைத்துவிட்டார்கள். இதற்குக் கொஞ்சம் குறைப்போம். எல்லா ஊர் மேடையிலும் நடப்பதுதானே.

எமக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. அன்றிரவு அந்த நிகழ்ச்சி வானொலியில் போகவேயில்லை.

வருடம் முழுக்க அந்த வானொலியைத் தாங்கிப் பிடிப்பவர்கள் யார்? தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கும் ராத்தாமார், வயல் வாடியில் காவலிருப்பவர்கள், நோன்பு திறக்கப் பாங்கொலிக்காகக் காத்திருக்கும் வயோதிபர்கள், ஓட்டோ ஓட்டும் தம்பிமார். வாழ்த்துச் சொல்லவும் பாட்டுக் கேட்கவும் கோல் எடுப்பவர்கள் இவர்கள்தான். தம்பிமாரை விட்டால், இவர்களில் பலர் இரவில் மைதானத்துக்கு வருவதில்லை. சிலரால் வரவும் முடியாது. எமது மாணவி ஒருத்தியின் உம்மா அன்றிரவு வேலையை எல்லாம் முடித்துவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டு இருந்தாராம். "வழமையான பாட்டுத்தான் சேர் போச்சு. மகள்ட போன்ல போட்டோ மட்டும் பாத்தன்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எமக்குத்தான் பதில் வரவில்லை.

நேரடி ஒலிபரப்புக்குச் செலவு கூட என்று ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் விளக்கம் தந்தார். மேடைக்குப் போட்ட மின்விளக்குச் செலவைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். மிக்ஸரிலிருந்து ஒரு வயர், டேட்டா உள்ள ஒரு போன், கலையகத்தில் ஓர் ஆள் இருந்தால் இன்று காரியம் நடக்கும். 1980களில் இந்த வசதி ஏது? மகாவலி சமுதாய வானொலிக்காரர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளைச் சுமந்துகொண்டு குடியேற்றக் கிராமங்களுக்குப் போய், நாட்கணக்கில் தங்கி, அந்த மக்களையே பாடவும் பேசவும் வைத்துப் பதிவு செய்தார்கள். அந்த வழியில்தான் 1989இல் கொத்மலையில் சமுதாய வானொலி வந்தது. அவர்கள் மக்களைத் தேடிப் போனார்கள். நாம் வீட்டிலிருந்து கேட்பவர்களைத் தேடி ஒரு வயர் கூட இழுக்கவில்லை.

நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு முழுதாக இருக்கிறதாம். மிக்ஸரில் இருந்த தம்பி பென் டிரைவில் வைத்திருப்பதாகச் சொன்னார். வானொலி நிர்வாகத்தினரே, உரைகளையும் பொன்னாடைகளையும் வெட்டிவிடுங்கள். பொல்லடியில் ஒரு நிமிடமும் வெட்ட வேண்டாம். முன்கூட்டியே அறிவித்து, வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு ஒலிபரப்புங்கள். அன்று எத்தனை கோல் வருகிறதென்று எண்ணி எமக்கும் சொல்லுங்கள். மிச்சப் புள்ளியை அதற்குப் பிறகு போடுகிறோம்.