புளியங்கொட்டை சொன்ன பாடம்

சீட்டுக்கட்டு என்றாலே எனக்கு ஆகாது. சித்தப்பா ஒருவர் சீட்டாடியே வயலை விற்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படிப்பட்டவள் நாற்பத்தாறு வயதில் 'பிளாக்ஜாக்' ஆடக் கற்றுக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள். காரணம் என் மகன்.

2024-ல் கல்லூரியில் கட்டக் கொடுத்த பணத்தில் பதினெட்டாயிரத்தை, செல்போனில் இந்த ஆட்டம் ஆடித் தொலைத்துவிட்டான். திட்டினேன், அழுதேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். "உனக்கு அதப் பத்தி என்னம்மா தெரியும்?" என்பதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மாதங்கள் ஓடின. யோசித்தால் அவன் கேட்டதும் நியாயம்தானே?

அந்தச் சமயம் அண்ணன் மகன் விடுமுறையில் வந்தான். உல்லாசக் கப்பலில், பயணிகள் சூதாடும் கூடத்தில் சீட்டுப் போடுவதுதான் அவனுக்கு வேலை. "எனக்கும் சொல்லிக் கொடுடா" என்றேன். "நீங்களா அத்தை!" என்று வாயைப் பிளந்தான். காசு கிடையாது, தினம் நூறு புளியங்கொட்டை என்று பேச்சு.

ஆட்டம் சுலபம்தான். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் பத்து. ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று, நம் வசதிப்படி. மற்றதெல்லாம் சீட்டில் உள்ள எண். ஆளுக்கு இரண்டு சீட்டு. அவனுடையதில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். 21-ஐத் தாண்டாமல் அவனை விட அதிகம் சேர்க்க வேண்டும். நான் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அவனோ 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும்.

"அப்போ எனக்குத்தானே வசதி?" என்றேன்.

"அங்கேதான் ஏமாறுவாங்க அத்தை. முதல்ல ஆடறது நீங்க. 21-ஐத் தாண்டினா அப்பவே கொட்டை எனக்கு. அப்புறம் நானும் தாண்டினாலும் திருப்பித் தர மாட்டேன்."

சூட்சுமமே அதில்தான் இருக்கிறது! கையில் 16 இருக்கும்போது இன்னொரு சீட்டு கேட்டால், பதின்மூன்று வகைச் சீட்டில் எட்டு வகை நம்மைக் கவிழ்த்துவிடும். எப்போது கேட்பது, எப்போது நிற்பது என்று அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் கணக்குப் போட்டு 1956-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். அப்படித் தப்பில்லாமல் ஆடினாலும், நூறு ரூபாய் வைத்து ஆடினால் சராசரியாக அரை ரூபாயாவது போகுமாம். என்னைப் போல மனசு சொன்னபடி ஆடினால் கேட்கவே வேண்டாம்.

முதல் இரண்டு நாளும் நூறும் போயிற்று. நான் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் ஏஸும் ராஜாவும் சேர்ந்து வந்தன. அதுதான் பிளாக்ஜாக், பத்து வைத்தால் பதினைந்து லாபம். எனக்கு முன்னால் நூற்றைம்பது கொட்டை குவிந்துவிட்டது! "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்டா" என்று எத்தனை தடவை சொன்னேனோ! குக்கர் விசில் காதில் விழவில்லை. பருப்பு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து, அத்தனையும் விட்டேன்.

வெறும் புளியங்கொட்டைக்கே இந்தப் பாடு! தோற்றபோது பயப்படாத எனக்கு, ஜெயித்ததை நினைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

நிமிர்ந்து பார்த்தால் மகன் கதவோரம் நிற்கிறான். "எனக்கும் முதல் வாரம் ஜெயிச்சுதும்மா" என்றான் மெதுவாக.

நான் திட்டவில்லை. தீய்ந்த குக்கரைக் காட்டி, "பாருடா, உங்கம்மா லட்சணத்தை" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றிரவு, நண்பனிடம் வாங்கிய மூவாயிரம் கடன் இன்னும் பாக்கி இருப்பதையும் தானாகச் சொன்னான். மறுநாளே கொடுத்து அனுப்பினேன்.

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் மறைத்து வைத்ததைப் பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டுமே, அதற்குச் சட்டம் உதவாது. சகோதரிகளே, அவர்கள் எதில் விழுந்தார்களோ அது என்னவென்று ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அடுப்பில் பருப்பு இருக்கும்போது சீட்டைத் தொடாதீர்கள்!