பச்சைக் கல்

கல்லின் குணத்தை அதன் நிறத்தைக் கொண்டு தீர்மானிப்பது, மனிதனின் குணத்தை அவன் சட்டையைக் கொண்டு தீர்மானிப்பது போலத்தான். மரகதத்துக்குப் பச்சை நிறம் தருவது பெரும்பாலும் குரோமியம், மாலகைட்டுக்குச் செம்பு, எபிடோட் என்னும் சாதாரணக் கல்லுக்கு இரும்பு. மூன்றும் பச்சைதான். விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

இடைசெவலில் எனக்குத் தெரிந்த சம்சாரி ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினார். வெடி வைத்த பாறையில், பச்சைக் கீற்றோடிய வெள்ளைக் கல் ஒன்று கிடைத்தது. "மரகதம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சேலம் ஜில்லா இடைப்பாடிப் பக்கத்தில் மரகதம் கிடைத்ததுண்டு. ஆகையால் ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெளியூர்த் தரகர் ஒருவர், பரிசோதனைச் செலவுக்கென்று இருபதாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டிருந்தார்.

"மாட்டை வித்துரலாம்னு இருக்கேன், தம்பி. மக கல்யாணம் முடிஞ்சிருமே" என்றார் அவர். எனக்குத் திக்கென்றது.

"கொஞ்சம் பொறுங்கள், அண்ணாச்சி. முதலில் கல்லையே விசாரிப்போம்" என்றேன்.

பேனாக் கத்தியால் பச்சைப் பகுதியைக் கீறினோம். மாலகைட்டாயிருந்தால் சுலபமாகக் கீறல் விழுந்திருக்கும். இங்கே கத்தியின் இரும்புதான் தேய்ந்து கோடாக ஒட்டிக்கொண்டது. அடுத்து, பச்சையின் கூரிய முனையால் ஒரு வெங்கச்சங்கல்லை அழுத்தித் தேய்த்தோம். 1812-ஆம் ஆண்டில் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த கடின வரிசையில் வெங்கச்சங்கல்லுக்கு 7. மரகதத்துக்கு ஏழரை முதல் எட்டு. மரகதமென்றால் கோடு விழுந்தே தீரவேண்டும். விழவில்லை.

பிஸ்தாப் பருப்பின் நிறமாயிருந்ததால் எபிடோட் என்று ஊகித்தேன். ஊகம் போதாதல்லவா? கல்லூரி ஆசிரியர் ஒருவர் அதை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, பூதக்கண்ணாடியினும் நுட்பமான கருவியில் வைத்துப் பார்த்து, எபிடோட்டே என்று உறுதி செய்தார்.

அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மாடு தப்பிச்சது" என்றார்.

கல்லுக்கு விலை இல்லையே தவிர, அதனிடம் சேதி உண்டு. தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில் பிறந்தது. நம் கரிசலுக்கு அடியில் கிடப்பதோ, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ் என்னும் பழம்பாறை. அதன் வெடிப்புகளில் எக்காலத்திலோ ஊடுருவிய வெந்நீர் விட்டுச்சென்ற தடமே அந்தப் பச்சைக் கீற்று.

கல்லில் பச்சையைக் கண்டவர்கள் முதலில் வீட்டிலுள்ள கத்தியை எடுக்கட்டும். தரகருக்குப் பணம் எண்ணுவதை அப்புறம் யோசிக்கலாம்.