கோக்கர்ஸ் வாக்கில் ஒரு ஸ்கேட்போர்டு

கொடைக்கானலுக்கு அண்ணன் மகன் ஸ்வெட்டர் எடுத்து வரவில்லை. ஸ்கேட்போர்டு எடுத்து வந்திருந்தான்! பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு கிளம்பிய பயணம் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மலையேறும் முன் ஒரு வணிக வளாகத்தில் டீ குடிக்க நின்றோம். முழங்கால் வலிக்காரரான அம்மா வாசலில் இருந்த குட்டைச்சுவரில் உட்காரப் போய், சட்டென்று எழுந்துவிட்டார். சாணுக்கு ஒன்றாக இரும்புக் குமிழ்கள்.

"இது எங்களுக்காக வெச்சது பாட்டி. போர்டுல சறுக்கக் கூடாதாம்" என்றான் பையன், ஏதோ விருது வாங்கியவன் மாதிரி.

நம்மூரில் எத்தனை பேரிடம் ஸ்கேட்போர்டு இருக்கிறது? யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது, படுத்துவிடக் கூடாது என்பதுதான் நிஜக் காரணமாக இருக்கும். திண்ணை வைத்து வீடு கட்டிய ஊர் இது!

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 'லவ் பார்க்' என்ற சதுக்கத்தில் ஸ்கேட்போர்டுக்குத் தடை வந்தபோது, அந்த இடத்தைக் கற்பனை செய்த நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேகன், 2002-ல், தன் 92-வது வயதில், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அங்கேயே பலகையில் ஏறி உருண்டு காட்டினார்.

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் கோக்கர்ஸ் வாக்கில் பையனுக்கு உற்சாகம் கரைபுரண்டது. 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலைச்சரிவை ஒட்டி அமைத்த நடைபாதை. சுமார் ஒரு கிலோமீட்டர். மேகம் விலகினால் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெரியும். அவன் எங்கே அதைப் பார்த்தான்?

"செம ஸ்லோப் அத்தை!"

அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றார். "கண்ணா, நீ அதுல வந்தா நான் எங்க ஒதுங்குவேன்? இந்தப் பக்கம் பள்ளம்."

அவன் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் பாட்டியைப் பிடித்துக்கொண்டான். குமிழ் எதுவும் தேவைப்படவில்லை.

சரி, அவன் எங்கேதான் ஓட்டுவான்? ஏரியைச் சுற்றும் 5 கிலோமீட்டர் சாலையில் சைக்கிள், குதிரை, கார், ஹார்ன். மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டிய சிறுமி கமலியைப் பற்றிய குறும்படம் 2020-ல் பாஃப்டா பரிந்துரை வரை போனது. அவளுக்குப் பழக ஒரு சாய்தளம் கிடைத்தது.

கடைசி நாள் விடியலில் கடகடவென்று சத்தம். தங்கியிருந்த விடுதியின் காலி முற்றத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தான். படியில் காபி டம்ளரோடு அம்மா.

"பனி கொட்டுது. என் சால்வையைப் போர்த்திக்கிட்டு ஓட்டுடா!"