பன்னிரு பிறையும் ஒரு நாணற்பேனாவும்

செஞ்சிக்கு அண்மையிலுள்ள அனந்தபுரத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என் தொழில். அரபு எழுத்தணி எழுதுவது என் ஆசை. மத்ரஸாவில் ஸனது பெற்ற 1992ஆம் ஆண்டு முதல் நிக்காஹ் வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் எழுதித் தந்து வந்தேன். 2020இல் என் இல்லாள் வஃபாத்தானாள். அன்றோடு பேனா கையைவிட்டு நழுவிற்று.

அவள் வெகுநாளாகக் கேட்டது ஒரு ஹில்யா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அங்க அடையாளங்களை ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் வருணித்த சொற்களால் எழுதும் பலகை அது. நடுவே வட்டம், அதன் நான்கு மூலைகளிலும் நாற்பெரும் கலீஃபாக்களின் திருப்பெயர் என்னும் இன்றைய அமைப்பை வகுத்தவர் துருக்கியின் ஹாஃபிழ் உஸ்மான் (1642–1698). நான் வட்டத்தில் பாதி எழுதியிருந்தேன். அந்தத் தாளைத் துணியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். எழுதித் தரும்படி வந்தவர்களிடம், "கம்ப்யூட்டரில் இதைவிட அழகாக அச்சிடுகிறார்களே" என்பேன். அச்சின்மீது பழியைப் போட்டு என் துக்கத்தை மறைத்துக்கொண்டேன் என்பதே உண்மை.

நான்காண்டு இப்படிக் கழிந்தது. ஹிஜ்ரி 1446 முஹர்ரம் பிறை, அதாவது 2024 ஜூலையில், கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"அத்தா, மாசம் ஒரு எழுத்து எழுதணும். தலைப்பு நான் தருவேன். அடுத்த பிறை தெரியிற ராத்திரிக்குள்ள முடிச்சிடணும்."

அமெரிக்காவில் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009இல், அக்டோபர் மாதம் முழுதும் நாளுக்கொரு மைச்சித்திரம் என்று தமக்குத்தாமே விதித்துக்கொண்டாராம். இன்று உலகெங்கும் பலர் அதைப் பின்பற்றுகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, ஈற்றடி கொடுத்தால் வெண்பா பாடிய காளமேகத்தின் வழக்கமும் இதுதானே என்று தோன்றிற்று. 'எதையாவது பாடும்' என்று கேட்டிருந்தால் அவரும் கொஞ்சம் திணறித்தான் போயிருப்பார்!

முஹர்ரத்திற்கு 'கடல்'. ஆஷூரா நாளில் மூஸா நபி (அலை) கடந்த கடல். எளிதென எண்ணி உட்கார்ந்தேன். மைக்கூட்டில் இட்டிருந்த பட்டுநூல் காய்ந்து கட்டையாகியிருந்தது. பேனாவின் வாய் பிளந்திருந்தது. ஸபருக்கு 'அலிஃப்' மட்டுமே. பேனாமுனை பதிக்கும் புள்ளியைக் கொண்டே எழுத்தை அளக்கும் முறை பாக்தாதின் இப்னு முக்லா (மறைவு 940) வகுத்தது. ஸுலுஸ் எழுத்தில் அலிஃபுக்கு ஏழு புள்ளி உயரம். என் அலிஃப் எட்டுக்கும் ஆறுக்குமாகத் தள்ளாடியது. வலக்கை துண்டிக்கப்பட்ட பின்னும் அந்தக் கையிலேயே பேனாவைக் கட்டிக்கொண்டு இப்னு முக்லா எழுதினார் என்பார்கள். எனக்கோ இரண்டு கையும் இருந்தன.

ரபீஉல் அவ்வலுக்கு என்ன தலைப்பு என்று சொல்லவேண்டியதில்லை. துணியை அவிழ்த்தேன், திரும்பச் சுற்றிவிட்டேன். அம்மாதம் நான் தோற்றேன். மகள் ஒன்றும் சொல்லாமல், காகிதத்தில் அந்த வரிக்கு நேரே ஒரு வட்டம் மட்டும் போட்டாள்.

ஜமாதுல் அவ்வலுக்கு 'மழை' என்று முன்பே எழுதியிருந்தாள். மாதம் முடிய இரண்டொரு நாளே இருக்கையில், 2024 நவம்பர் 30 அன்று, பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையேறியது. அந்தப் பெயரைத் தந்தது ஸவூதி அரேபியா என்பதை எங்கள் தெருவில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். வேடிக்கை சிறிது நேரமே நீடித்தது. புதுவையிலும் மயிலத்திலும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டமே நீரில் நின்றது. மின்சாரம் போயிற்று. மழைக்கு 'ரஹ்மத்' என்று எழுதுவதாக இருந்தேன். பயிர் மூழ்கியவர்கள் பள்ளிவாசலில் வந்து உட்கார்ந்திருந்த நிலையில் கை எழவில்லை. 'நூஹ்' என்று எழுதினேன். ஈற்றெழுத்தின் வளைவு கப்பலாகவும், நூனின் மேற்புள்ளி அதில் ஒற்றை ஆளாகவும் அமைந்தன. விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துச் சேர்த்த கரியைக் கருவேலம் பிசினில் குழைத்த மை அது. ஈரத்தில் தாள் ஊறி, எழுத்தின் ஓரம் நீரில் கரைவதுபோல் பரவிற்று. வேறு நாளாயிருந்தால் கிழித்திருப்பேன். அதை அப்படியே விட்டேன். என் எழுத்துகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பிறை மாதங்கள் ஆண்டுக்குப் பதினொரு நாள் போல முன்வாங்கி, ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளில் பருவங்களை ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றன. நான் ஸனது பெற்ற 1992இல் ரமலான் மார்ச்சு மாதத்தில் வந்தது; 2025இலும் அப்படியே. அன்று என் உஸ்தாது, வெயில் காலத்தில் மை பேனாநுனியிலேயே உலரும், இரவில் எழுது என்று கற்பித்தது நினைவு வந்தது. ரமலானுக்கு மகள் தலைப்பு எழுதவில்லை. பழைய வட்டத்தையே மீண்டும் போட்டிருந்தாள். தராவீஹ் முடிந்து வந்து நாளுக்கு இரண்டு சொல், மூன்று சொல்லென்று எழுதினேன். வட்டத்தின் ஒரு பாதி பழைய கை, மறுபாதி புதிய கை. வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. பெருநாள் காலையில் கூடத்துச் சுவரில் மாட்டினோம். மகள் வெகுநேரம் அதன் முன் நின்றாள். நான் அங்கே நிற்கவில்லை.

1447 முஹர்ரத்திற்குத் தலைப்பு 'கல்'. அம்மாதத்தில்தான், 2025 ஜூலை 11 அன்று, செஞ்சிக்கோட்டை மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டையினுள் நவாப் ஸஆதத்துல்லாஹ் கான் 1717–18இல் கட்டிய பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டைப் பார்க்க மகளோடு சென்றேன். அவள் எழுத்துகளின் உயரத்தை விரலால் காற்றில் அளந்துகொண்டிருந்தாள். திரும்பும் வழியில் சங்கராபரணிக் கரையில் இறங்கி, இருவருமாக ஒரு கட்டு நாணல் வெட்டினோம். பரண்மேல் கிடக்கிறது. சீவும் பதத்திற்கு உலர ஸபர் பிறை ஆகும்.