மூன்றாவது கிராங்கு

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியின் வழியே, ஒன்பது சிகரங்களின் பெயரைத் தாங்கிய நமுனுகுல மலை எதிரே நிற்கும் ஒரு தோட்டத்து ஸ்டோருக்குள், ஓர் ஆகஸ்டு மாதத்து விடியற்காலை மூன்று மணிக்கு நான் அடியெடுத்து வைத்தபோது, வாசலுக்கே வந்து வரவேற்ற டீமேக்கரின் வார்த்தைகளை விழுங்கிவிடும்படியாக உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டொக்கென்று ஓர் அடி, பிறகு இரும்பின்மேல் இரும்பு இழைகின்ற ஒரு முனகல், மறுபடியும் டொக். நிமிஷத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் அந்த அடி விழுந்தது. தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றே வழங்கும் அந்த ஜனங்கள் மூன்று நாளாக அந்தச் சத்தத்தோடுதான் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

சத்தம் போட்டது ஒரு பழைய ரோலர். பித்தளைக் கட்டைகளை வளைவாகப் பதித்த வட்டமான மேசை ஒன்று. அதன்மேல் அடியில்லாத பெரிய பீப்பாயைப் போல நிற்கின்ற ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டின் வாய்க்குள் திருகாணியால் ஏறி இறங்கி இலையை அழுத்தும் மூடி. ஜாக்கெட்டைத் தாங்கிச் சுழற்றும் மூன்று கிராங்குகள். வாடிய கொழுந்தை உள்ளே கொட்டினால், இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தேய்த்தாற்போல அது முறுக்கேறி, சாறு வெளிப்பட்டு, காற்றோடு கலந்து சிவக்கத் தொடங்கும். 1867ஆம் வருஷம் கண்டிச் சீமையின் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களாத் தாழ்வாரத்தில் மேசை போட்டு ஆட்களின் கைகளைக் கொண்டே இந்தக் காரியத்தைச் செய்வித்தார் என்பது பிரசித்தம். அந்தக் கைகளுக்குப் பதிலாக வில்லியம் ஜாக்சன் 1870களில் அஸ்ஸாமில் யந்திரத்தை வகுத்தார். இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பெனியார் அதைப் பெருவாரியாக வார்த்து அனுப்பினார்கள். என் முன்னே நின்ற ரோலர் எந்த வருஷத்தது என்று பார்க்கலாமென்றால், அதன் பெயர்த்தகடு பச்சை வர்ணத்தின் பல பூச்சுகளுக்கு அடியில் சமாதியாகியிருந்தது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு ரோலர் கெடுவது ஊவாவில் சாமானிய விஷயமன்று. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்று செடிகளை வாட்டும்போது, கொழுந்திலே தனியானதொரு வாசனை ஏறுகிறது. அதற்குக் காரணமான வஸ்துக்களில் ஒன்றான மெதில் சலிசிலேட், மூட்டுவலிக்குப் பூசும் தைலங்களிலும் இருப்பதுதான். கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்குத் தனி மதிப்புக் கிடைப்பது இந்தச் சில வாரங்களில்தான்.

இத்தகைய பருவத்தில், ரோலரிலிருந்து இறங்கிய தூள் முறுக்கில்லாமல் நறுக்கினாற்போலத் துண்டு துண்டாய், தொட்டால் சுடும்படியாய் வந்தது. டீமேக்கர் முதலில் வாட்டத்தைச் சந்தேகித்தார். பிறகு இலையைச் சந்தேகித்தார். “மலையில முத்தல் இலையாப் பறிச்சு அனுப்புறாங்க” என்று அவர் ஆபீசுக்குச் சொல்ல, ஆபீஸ் கணக்கப்பிள்ளைக்குச் சொல்ல, கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களிடம் சத்தம் போட, இரண்டு நாளாக அந்தப் பழி மலைமேல் ஏறிக்கொண்டே இருந்தது. யந்திரத்தின் நோய் ஸ்டோருக்குள்ளே இருக்க, சிகிச்சை மட்டும் மலைமேல் நடந்ததை நினைக்க எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் இரவு, லீவில் போயிருந்த பாசு திரும்பிவிட்டார். ஒல்லாந்தர் விட்டுப்போக, சிங்களத்தின் வழியே நம்மவர் வாய்க்கு வந்த அந்தச் சொல், கைத்தொழில் தெரிந்தவருக்கு இங்கே வழங்கும் மரியாதைப் பெயர். பாசு அறுபதைத் தாண்டியவர். அவர் யந்திரத்தருகே போகவில்லை. வாட்டும் தொட்டியிலிருந்து ஒரு பிடி இலையை அள்ளி, உருண்டையாக அமுக்கி, கையை விரித்தார். உருண்டை அவசரப்படாமல் மெல்ல அவிழ்ந்தது.

“இலை நல்லாத்தாங்க வாடியிருக்கு. கொழுந்து மேல பழி போடாதீங்கய்யா.”

அதற்குப் பிறகுதான் ரோலரை நிறுத்தச் சொன்னார். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், தளர்ச்சியில்லை. மூடியின் திருகாணியைச் சுற்றிப் பார்த்தார், நேராக இறங்கியது. மேசைமேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பித்தளைக் கட்டைகள் ஒரு பக்கத்தில் மாத்திரம் புதுக் குத்துவிளக்கைப் போல மின்ன, மற்றப் பக்கங்களில் சாறு படிந்து கறுத்துக் கிடந்தன. மறுபடியும் ஓடவிட்டு, நீண்டதொரு ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கிராங்குகளில் ஒவ்வொன்றாக ஊன்றி, அதன் பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முதலாவதில் ஒரு கணம், இரண்டாவதில் ஒரு கணம், மூன்றாவதில் வெகுநேரம்.

“மாமா, அதுலயா?” என்றான் கையாள் பையன்.

“கை வச்சுப் பாருடா. சுடுது.”

நிறுத்திக் கழற்றியபோது, எண்ணெய் போகும் துவாரத்தில் இலைச்சாறும் தூசியும் இறுகிக் கீலாக அடைத்திருந்தன. எண்ணெய் காணாத கன்மெட்டல் புஷ் தேய்ந்து அகன்றுவிட, அந்தப் பக்கம் ஜாக்கெட் தாழ்ந்து கட்டைகளின்மேல் உரசி இலையை நறுக்கியிருக்கிறது. எதிர்ப்பக்கம் உயர்ந்த இடைவெளியில் இலை உருளாமலே தப்பியிருக்கிறது.

மூடப்பட்ட பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து எப்போதோ வாங்கி வைத்த புஷ் ஒன்று பாசுவின் பெட்டியில் இருந்தது. ஆனால் உள்வாய் சற்றே இறுக்கம். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கிராங்கின் அச்சில் மெல்லியதாகத் தடவி, புஷ்ஷை அதில் ஏற்றித் திருப்பிக் கழற்றினார். உள்ளே எங்கே மேடு இருந்ததோ அங்கே கரி ஒட்டியிருந்தது. அந்த மேட்டைச் சுரண்டி, மறுபடி ஏற்றி, மறுபடி கழற்றி, இப்படிப் பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை கரி உள்வாய் முழுதும் ஒரே சீராகப் படிந்தது. அந்தக் கரிப்படலத்தை அவர் துடைக்கு முன் எனக்குக் காட்டியதில் கொஞ்சம் பெருமை இருந்தது, இருக்கட்டுமே.

விடிந்து ஏழு மணிக்கு ரோலர் சத்தமில்லாமல் சுற்றியது. பாசு வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். டீமேக்கர் புதிய தூளைக் கையில் வாங்கி முறுக்கைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்து, மேசைக்குச் சென்று பதிவேட்டைத் திறந்து, அன்றைய தேதியிட்டு, புஷ் மாற்றியது என்று எழுதினார். மேலே இருந்த மூன்று வரிகளிலும், முத்தல் இலை என்று பொருள்படும் ஆங்கில வார்த்தைகள் அவருடைய அழகான கையெழுத்தில் அப்படியே இருந்தன. மையுலர ஒருதரம் ஊதிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.